பத்துக்கு ஒன்பது

மாமா,

நேற்றுக் காலை பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் மகள் வயிற்றுப் பேத்தி ரோஸ்லினுக்குப் பிரசவம். கதவு திறந்தது. டெட்டாலும் புதுத்துணியும் கலந்த வாசனையோடு ஒரு நர்ஸ் வெளியே வந்து, "ஆம்பளப் பிள்ளை. ஒன்பது மார்க், நல்லா இருக்கான்" என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு அந்த ஒன்பது விளங்கவில்லை. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியுமே!

என் மகள் ஆக்னஸ் பிறந்த அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் மகன் கப்பலில், எங்கோ நடுக்கடலில் இருந்தார். அத்தைக்கு முட்டுவலி, படியேற முடியாது. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். ஆகவே வலி கண்டதும் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தது நீங்கள்தான். வழியெல்லாம் டிரைவரிடம், "பைய போ அண்ணாச்சி, பைய போ" என்றீர்கள். அடுத்த நிமிஷமே, "என்னவே இப்படி உருட்டுதீரு, சட்டுன்னு போவும்" என்று அதட்டினீர்கள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதுவரை நாம் இருவரும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. நான் சைவ வீட்டுப் பெண். காதலித்துக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தவள். முதன்முதலாக நான் வைத்த மீன்குழம்பை நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனீர்கள். பிடித்ததா, பிடிக்கவில்லையா, தெரியவில்லை. அந்தக் குழம்பைப் பற்றி மட்டுமில்லை, என்னைப் பற்றியும்தான்.

பிரசவ அறையில் நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. குழந்தை வெளியே வந்தது தெரிந்தது. ஆனால் சத்தமே இல்லை. டாக்டரம்மா குழந்தையை ஓரமாக இருந்த மேசைக்குக் கொண்டுபோனார். துணியால் துடைக்கிறார்கள், முதுகைத் தேய்க்கிறார்கள், சின்ன முகமூடி வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். எனக்கு அவர்களுடைய முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. "ஏன் அழல? ஏன் அழல?" என்று நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. பிறகு தும்மல் மாதிரி ஒன்று. அதைத் தொடர்ந்து ஓர் அழுகை. இன்றைக்கு அவள் போடுகிற சத்தத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வது அந்த முதல் சத்தத்துக்காகத்தான்.

வெளியே நடந்ததை நீங்களே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். நர்ஸ் உங்களிடம், "முதல்ல நாலு மார்க்தான் இருந்தது தாத்தா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தோம், ஒன்பது வந்துட்டு. இனிமே பயம் இல்ல" என்றாளாம். அவள் சொன்னதில் கடைசி வாக்கியம் உங்கள் காதில் விழவே இல்லை.

மறுபடி டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது நீங்கள் வழிமறித்து நின்றீர்கள். துறைமுகத்தில் கப்பல் ஓரம் நின்று, இறக்குகிற சரக்கையெல்லாம் எண்ணி, நனைந்தது கிழிந்தது பார்த்துக் கணக்கு எடுத்த மனுஷன் இல்லையா!

"அந்த ஒரு மார்க்கை எதுல குறைச்சிய?"

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். "இது பரீட்சை இல்ல தாத்தா. பிறந்த உடனே அஞ்சு விஷயம் பாப்போம். உடம்பு நிறம், நெஞ்சுத் துடிப்பு, சீண்டினா முகம் சுளிக்குதா, கைகால் அசைக்குதா, மூச்சு எப்படி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க். யாருக்கு உதவி வேணும்னு தெரிஞ்சுக்கிடத்தான் இது."

"அது சரி. எங்க பேத்திக்கு எதுல போச்சு?"

"நிறத்துல. உடம்பெல்லாம் சிவந்துட்டு, கையும் பாதமும் மட்டும் கொஞ்சம் நீலமா இருந்துது. முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். தானா மாறிரும்."

நீங்கள் தொட்டிலருகே போய் உட்கார்ந்தீர்கள். துணியை விலக்கி, அவளுடைய இரண்டு பாதங்களையும் உங்கள் உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டீர்கள். மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் காய்த்துப்போன கைகள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நீங்கள் அசையவில்லை. டாக்டரம்மா எல்லாக் கட்டிலையும் பார்த்து முடித்து வாசல் பக்கம் போகும்போது, "ஏம்மா, இங்கன வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டீர்கள். அவர் வந்து குனிந்து பார்த்தார். செம்பருத்தி மொட்டு மாதிரி இருந்தன பாதங்கள்.

"இப்ப எத்தனை?"

"பத்து தாத்தா."

"அதை எழுதிருங்க."

"அஞ்சாம் நிமிஷத்து மார்க்கை இப்ப திருத்தக்கூடாது தாத்தா. வாயால சொல்லுதேன், பத்து."

அந்த வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த அமர்க்களம் கொஞ்சமா? ஞானஸ்நானத்துக்கு வந்த சாமியாரிலிருந்து பால்காரர் வரை எல்லோரிடமும் சொன்னீர்கள். ஆக்னஸ் ஐந்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டு வந்து நின்றபோது நான் கையை ஓங்கினேன். நீங்கள் குறுக்கே வந்து, "பிறந்து அஞ்சு நிமிஷத்துல நாலுல இருந்து ஒன்பதுக்கு ஏறுன பிள்ள. அவளுக்குக் கொஞ்சம் நேரம் குடு" என்றீர்கள். நேரம் கொடுத்தோம். ஏறினாள்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு அவள்தான் உங்களுக்கு டாக்டர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் உங்கள் நாடியைப் பிடிப்பாள், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பாள். "நிறத்துக்கு ரெண்டு, மூச்சுக்கு ரெண்டு..." என்று அடுக்கிக்கொண்டே போய், "மொத்தம் ஒன்பது" என்பாள். "ஒண்ணை எதுலட்டி குறைச்ச?" என்று நீங்கள் வம்புக்கு இழுப்பீர்கள். "எவ்வளவு சுரண்டினாலும் முகத்தைச் சுளிக்க மாட்டேங்கியளே தாத்தா, சிரிக்கியளே!" என்பாள் அவள். கடைசி வாரம்வரை அந்த ஒரு மார்க்கை நீங்கள் வாங்கவே இல்லை.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஆக்னஸோடு நான் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, நீங்கள் ஆட்டோ பிடிக்க இறங்கியிருந்தபோது, அந்த நர்ஸ் என்னிடம் சொன்னது.

"குழந்தைய வெளிய கொண்டுபோனா, ஆம்பளையா பொம்பளையான்னுதான் எல்லாரும் கேப்பாவ. உங்க மாமா இவளைப் பாக்கவே இல்லக்கா. 'எங்க பிள்ள எப்படி இருக்கா?'ன்னு கேட்டாவ. 'இந்தா, நல்லாத்தான இருக்கா'ன்னு நான் இவளை நீட்டுனேன். 'இவ இல்லம்மா. உள்ள கெடக்காளே, எங்க பிள்ள. அவளைச் சொல்லு'ன்னாவ. நீங்க நல்லா இருக்கியன்னு சொன்ன பெறவுதான் கையவே நீட்டுனாவ."

ஆட்டோவில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் வழக்கம்போல் டிரைவரோடுதான் பேசிக்கொண்டு வந்தீர்கள். ஆனால் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்ற சந்தேகம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததே இல்லை.

நேற்று எல்லோரும் குழந்தையை மொய்த்துக்கொண்டார்கள். மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று ஒரே கூச்சல். நான் மெல்ல விலகி உள்ளே போனேன். ரோஸ்லின் உதடு காய்ந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "பிள்ளையப் பாத்தியளா அத்தை?" என்றாள்.

"அவன் எங்கயும் ஓடிர மாட்டான், பைய பாத்துக்கிடலாம். நீ எப்படிட்டி இருக்க?"

அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"பசிக்கி அத்தை" என்றாள்.

அவளுக்கு இட்லி வாங்க, சிரித்துக்கொண்டே படியிறங்கினேன் மாமா.