நாலாம் நம்பர் வண்டிக்குப் பொட்டு இல்லை

அக்டோபர் 6, வியாழன். திண்டிவனம்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். துவைத்த துணி பாதி காய்ந்தது, பாதி நாற்றம்.

கட்டைகள் வந்துவிட்டன! மரவாடியிலிருந்து இருபத்துநாலு மாங்கட்டை, எல்லாம் ஒரே அளவு, ஒரு சாண் நீளம். எங்கள் சாரணர் பள்ளிக் குருளையர் படைக்குப் பதினொன்று, விழுப்புரம் படைக்குப் பதினொன்று, உபரி இரண்டு. ஸ்டாஃப் ரூம் முழுக்க மர வாசனை. ஹெச்.எம். எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், விறகுக்கடை வைக்கறீங்களா?” வைத்தால் என்னவாம்.

மரக் கார் பந்தய விதிகள் (சுத்தமாக எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும்):
1. எல்லாருக்கும் ஒரே கட்டை. அவனவன் வண்டியை அவனவன்தான் இழைக்க வேண்டும். அப்பா, சித்தப்பா, தச்சர் யாரும் கை வைக்கக் கூடாது.
2. எல்லாருக்கும் ஒரே சக்கரம்.
3. எடை கால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது.
4. சக்கரத்துக்கு எண்ணெய் கூடாது.
5. ஜட்ஜ் நான் இல்லை.

ஐந்தாவதற்காகத்தான் மற்ற நான்கும். போன வருடம் இரண்டு ஊர்ப் படைகளும் சேர்ந்து விளையாட்டு விழா. சாக்கு ஓட்டம். கோட்டில் நின்றவள் நான். முதலில் வந்தவன் என் மகன் கதிர். இரண்டாவது விழுப்புரத்துச் சேகர். ஒரு கை அகலம்தான் வித்தியாசம். நான் பார்த்தேன். விழுப்புரம் படையை நடத்தும் சம்பத் சார் மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, “அம்மா ஜட்ஜு, புள்ள ஃபர்ஸ்ட்டு. பேஷ் பேஷ்!” என்றார். மற்ற நேரமெல்லாம் கொர்கொர் என்ற மைக், அப்போது மட்டும் கணீரென்று வேலை செய்தது. ஊரே சிரித்தது. அதன்பின் அந்தப் படை இந்தப் பக்கம் வரவில்லை. சந்தையில்கூட ஒருத்தி கேட்டாள், “சாக்கு டீச்சர்தானே நீங்க?”

சம்பத் சார் பதில் இன்று தபாலில். ஒன்றரை வரி. வருகிறார்களாம், ஆனால் வண்டிகளை முதல் நாளே எடை போட்டு ஓர் அறையில் பூட்டி வைக்க வேண்டுமாம். சரி. பூட்டுவோம். இந்தத் தடவை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

வாங்க வேண்டியவை: உப்புத்தாள், இரண்டு அங்குல ஆணி, து. பருப்பு.

கதிர் மறுபடியும் பழைய அலுமினிய டப்பாவில்தான் சாதம் எடுத்துப்போனான். சாக்கு ஓட்டத்தில் பரிசாக வந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அலமாரியில் தூங்குகிறது. நானே பாத்திரக்கடையில் பெயர் வெட்டிக் கொண்டுவந்தேன். கேட்டால், மூடி டைட்டாம்.

அக்டோபர் 8, சனி

காலையில் காதர் பாய் கடைசல் பட்டறை. கட்டில் காலும் பம்பரமும் கடைகிறவர்.

“இன்னா டீச்சர், நூறு சக்கரமா? கட்டில் கால் ஆர்டரே முடிக்க முடியாம பேஜாரா கீது எனக்கு.”

எதற்கென்று சொன்னேன். முகம் மாறிவிட்டது. “மரக் காரு ரேஸா? இத மொதல்லயே சொல்றதில்ல! ஜல்தியா முடிச்சித் தர்றேன். ஆனா எனக்கு முன்வரிசைல ஒரு நாற்காலி போட்டுடணும்.”

போடாமல்?

பிறகு விழுப்புரம் பஸ். பையில் பதினோரு கட்டை, கூட்டேரிப்பட்டு வரை நின்றுகொண்டு. அங்கே மல்லாட்டைக் கூடைக்காரி கடலையோடு இறங்கினாள், இடம் கிடைத்தது. விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்கப் போனவர் வரவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர், “சாமி செய்யவாம்மா இந்தக் கட்டை?” இல்லை, கார் செய்ய என்றேன். தள்ளி உட்கார்ந்தார்.

சம்பத் சார் கட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எங்களுடையதும் இதே கனமா என்று பார்க்கிறார்! பார்க்கட்டும். “டீ சாப்புட்றீங்களா?” என்று கேட்டுவிட்டு டீ சொல்லவில்லை. வாசலில் ஒரு பையன் எட்டிப் பார்த்தான். சேகர். வளர்ந்துவிட்டான். “கதிரும் ஓட்றானா டீச்சர்?” என்றான். ஓட்டுகிறான் என்றேன். சிரித்தான். நல்ல சிரிப்பு. எனக்குத்தான் எங்கோ பார்க்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 11, செவ்வாய்

சக்கரங்கள் வந்தன. நூற்றிரண்டு! “ரெண்டு ஆசைக்கி கடைஞ்சேன்” என்றாராம் காதர் பாய்.

பள்ளி விட்டதும் வகுப்பறையே பட்டறை. பதினோரு பையன்கள், பதினோரு அரம், மரத்தூள் தும்மல். ஒருவன் லாரி, ஒருவன் அம்பாசடர், ஒருவன் ராக்கெட் என்கிறான், எனக்கு அது செருப்பாகத் தெரிந்தது. எடை குறைந்தவன் வேகத்துக்காக அடியில் ஆணி அடித்தான், கூடியவன் மூக்கைத் தேய்த்தான். தராசு மளிகைக் கடையில் இரவல். ஒருவன் தன் ராக்கெட்டைக் கால் கிலோ வெல்லத்தோடு நிறுத்திப் பார்த்தான், அப்புறம் வெல்லத்தைக் காணோம்.

கதிரின் வண்டி நாலாம் நம்பர். மூக்கு சப்பை, தோசைத் திருப்பி மாதிரி. ஆணி கோணலாக அடித்தான். என் கை துறுதுறுவென்றது. பின்னால் கட்டிக்கொண்டேன். அவனே பிடுங்கி அவனே திரும்ப அடித்தான். மூன்று தடவை.

வீட்டில் அவர்: “ஏதாவது சொல்லிக்குடேன், பெத்த புள்ளதானே.”

“பெத்த புள்ளங்கறதாலதான்.”

“போன வருஷம் பட்ட பாடு இன்னும் போவல ஒனக்கு” என்று சிரித்தார். சிரிப்பவருக்கென்ன, மைக் அவரைப் பற்றியா பேசியது.

அக்டோபர் 13, வியாழன்

ஓடுகிறது! ஓடுகிறது! ஓடுகிறது!

ஹாலில் மேடை விளிம்பிலிருந்து தரைக்குச் சரிவாகப் பதினாறு அடிப் பலகை, பக்கத்தில் இன்னொன்று. வண்டி விழாமல் விளிம்பில் ரீப்பர் கட்டை அடித்தது வீட்டுக்காரர்தான் (சிரித்ததற்குத் தண்டனை). கீழே சாக்பீஸ் கோடு. கோட்டைத் தாண்டி வண்டி சுவரில் மோதாமல் இருக்க எங்கள் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை. மதியம் எட்டு வண்டி விட்டுப் பார்த்தோம். கடகடவென்று இறங்கித் தலையணையில் பொத். பையன்கள் கத்திய கத்தலில் ஹெச்.எம். ஓடிவந்தார். அவரும் ஒன்று விட்டார். மறுபடியும் ஒன்று விட்டார்.

ஜட்ஜ்: ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா. இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாதவர். சம்மதித்துவிட்டார்.

அக்டோபர் 15, சனி. ஆயுத பூஜை

மேகமூட்டம், மழை இல்லை.

பதினோரு மணிக்கு சம்பத் சார், கையில் அட்டைப்பெட்டி. எடை போட்டோம். எல்லாம் சரி. பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு வரை அவர்கள் நம்பர். சேகருடையது பதினேழு, அழகான வேலை, விளிம்பெல்லாம் வழவழவென்று. இருபத்திரண்டையும் அறிவியல் அறை மேசையில் வரிசையாக வைத்துப் பூட்டினேன். சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “ஒங்க ஸ்கூலு, நீங்களே வச்சிக்கங்க. நம்பிக்கதான டீச்சர்.” நம்பிக்கை என்ற சொல்லை இப்படியும் சொல்லலாம் என்று இன்றுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பள்ளிப் பூஜை. மணி, கரும்பலகை, வருகைப் பதிவேடு, ஹெச்.எம். சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. வெளியே போகிற லாரி, மாட்டுவண்டி எல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு போகின்றன. அறிவியல் அறையில் இருபத்திரண்டு வண்டி மொட்டையாக நிற்கின்றன. இன்றைக்குப் போய்! மனசு கேட்கவில்லை. திறந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில், ஆணித்தலை மேலேயே, கெட்டிச் சந்தனம், அதன்மேல் குங்குமம். விழுப்புரத்து வண்டிகளுக்கு ஒரு துளி கூடுதலாகவே.

நாலாம் நம்பருக்கு மட்டும் வைக்கவில்லை. அம்மா கை பட்டது, மந்திரித்து வைத்தாள் என்று பேச்சு வரக் கூடாது. மொத்தம் எண்பத்துநாலு பொட்டு. பூட்டிவிட்டு வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்டோபர் 16, ஞாயிறு. விஜயதசமி

கை இன்னும் சந்தன வாசனை. எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

ஒன்பதரைக்கு ஹால் நிறைந்துவிட்டது. விழுப்புரத்துப் பையன்கள் கழுத்துக்குட்டையோடு வரிசையாக. காதர் பாய் முன்வரிசையில், மடியில் துணி மூட்டை. வண்டிகளை எடுத்துவந்தோம். பொட்டு வைத்த வண்டிகளைப் பார்த்து எல்லாரும் ஆகா என்றார்கள். முதல் வண்டியைப் பலகையில் வைத்தேன். நகரவில்லை. தள்ளினேன். சறுக்கியது, சக்கரம் சுற்றவில்லை. அடுத்தது. அதுவும். அடுத்தது.

காதர் பாய் எழுந்து வந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். “பொட்ட நல்லா கெட்டியா வச்சிகீறீங்க டீச்சர். ஓட்டைக்குள்ள பூந்து காஞ்சி, ஆணிய புடிச்சிக்கிச்சி.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “சார், நாலாம் நம்பர் மட்டும் நல்லா சுத்துது சார்!”

சம்பத் சார் மெல்ல வந்தார். “யாருது டீச்சர் இது?”

“எம் பையனுது.”

ஏன் வைக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. சம்பத் சார் நாலாம் நம்பர் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டார். மைக்கில் பேசியிருந்தால்கூடத் தேவலை.

கதிர் மேடைக்கு ஓடினான். நேற்றைய சந்தனக் கிண்ணம் சரஸ்வதி படத்தடியில் இருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தான். நாலாம் நம்பரின் நான்கு சக்கரத்திலும், அச்சிலும், அடியிலும் அப்பினான். “இப்ப எல்லாருதும் ஒண்ணு சார்.”

“டேய், டேய், குளிப்பாட்டிட்டியேடா!” என்றார் சம்பத் சார். வாய் சிரிக்கவில்லை, ஆனால் குரல் இளகியிருந்தது.

“காயணும் சார். எங்குளுதுலாம் காஞ்சிது இல்ல?” இது சேகர். அவ்வளவுதான், இருபது பையன்கள் சுற்றி உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் ஐயா விசிறியால் வீசினார். எனக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை, இரண்டும் வந்தது.

காய்ந்ததும் சம்பத் சார் ஒரு ஏற்பாடு சொன்னார். “அவன் வண்டிய இவன் சுத்தம் பண்ணட்டும், இவன் வண்டிய அவன். சொந்த வண்டிய ஒருத்தனும் தொடக் கூடாது.” என்ன அழகான யோசனை! எனக்கு ஏன் தோன்றவில்லை?

சேகர் நேராக வந்தான். “கதிர் வண்டி எங்கிட்ட குடுங்க டீச்சர்.” கொடுத்தேன். கை கூசத்தான் செய்தது. ஊக்கால் குத்தி, துணியால் துடைத்து, என் கைப்பையிலிருந்த முகப்பவுடரைத் தூவி, சக்கரத்தைக் காதோரம் வைத்துச் சுற்றிச் சத்தம் கேட்டான். திருப்தி இல்லை. மறுபடியும் கழற்றினான். தன் வண்டிக்கு இவ்வளவு செய்திருப்பானா தெரியாது. பக்கத்தில் கதிர் பதினேழாம் நம்பரோடு அதே மாதிரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

பதினொன்றே காலுக்குப் பந்தயம். என்ன வேகம்! கடகட, பொத், கூச்சல். கடகட, பொத், கூச்சல். ராக்கெட் பாதியில் பலகையை விட்டுப் பறந்து பெயருக்கு நியாயம் செய்தது. காதர் பாய் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டார், “பாத்தியா எஞ் சக்கரத்த! பாத்தியா!” தொண்டை கட்டும்வரை நானும் கத்தினேன், இரண்டு ஊருக்கும்.

கடைசியில் நின்றவை இரண்டு. நாலும் பதினேழும்.

வேண்டுமென்றே யாராவது செய்வார்களா இப்படி?

விட்டார்கள். பொத், பொத். போஸ்ட்மாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரிஞ்சிது. எங் கண்ணுக்கு இது ஆவாது.”

மறுபடி விட வேண்டும். யார் பார்ப்பது? சம்பத் சார் என்னைப் பார்த்தார். “நீங்க நில்லுங்க டீச்சர்.”

“நான் மாட்டேன் சார். விதியிலயே போட்டிருக்கேன்.”

“நான் சொல்றேன். நில்லுங்க.”

மண்டியிட்டேன். கன்னம் தரையில் பட. கோடு, தலையணை தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. இறங்கும் சத்தம் மட்டும். வந்தன. தெரிந்தது. நன்றாக, பட்டப்பகல்போலத் தெரிந்தது. இரண்டு விரல் அகலம். எழாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா டீச்சர்? கண்ணுல பட்டத சொல்லுங்க” என்றார் காதர் பாய்.

“நாலு” என்றேன். எழுந்து நின்று மறுபடி சொன்னேன். “நாலாம் நம்பர்!”

முதல் கைதட்டல் சம்பத் சாருடையது. சேகர் கதிரைத் தூக்கப் போய் இருவரும் தலையணை மேல் விழுந்தார்கள். காதர் பாய் துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே கடைந்தெடுத்த மரக் கோப்பை, மெருகு போட்டது! யாரும் கேட்கவே இல்லை அவரை.

பஸ் ஸ்டாண்டில் சம்பத் சார் டீ வாங்கிக் கொடுத்தார். “போன வருசம் நான் மைக்குல அப்பிடி பேசியிருக்கக் கூடாதுங்க” என்றார். பரவாயில்லை சார் என்றேன். டீயை ஆறும்வரை குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 17, திங்கள்

விடாத மழை. தலையணை உறையில் மரத்தூளும் சந்தனமும். பலகைகளை மரவாடிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மளிகைக் கடைக்குத் தராசு (வெல்லம்!).

இட்லி சாப்பிட்டுக்கொண்டே கதிர் கேட்டான், “அம்மா, போன வருசம் சாக்கு ஓட்டத்துல நெஜமாவே நான்தான் ஃபர்ஸ்ட்டா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

“தெரியலடா. ஒரே தூசி. எனக்கு ஒன் மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சிது.”

சட்னி தொட்டுச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து சொன்னான், “மூடி டைட்டெல்லாம் இல்லம்மா.”

“தெரியும்டா.”

“அத சேகருக்குக் குடுத்துடலாமா? எனக்குத்தான் கோப்பை கீதே.”

“ஒம் பேரு வெட்டியிருக்கேடா அதுல.”

“பக்கத்துலயே அவன் பேரையும் வெட்டிக் குடு.”

அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இடம் இருக்கிறது, இன்னொரு பெயருக்குத் தாராளமாக. பாத்திரக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.