பனியாற்றுக்கு ஒரு வெறும் ஓட்டம்

பேசாமல் இருந்தது போதும். உன் போஸ்ட்காட் வந்த நாளிலிருந்து உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீ செத்துப்போன செய்தி வந்தபோதும் எழுதவில்லை; இனி யாருக்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மேசைமேல் கிடக்கும் இந்தக் கம்பளிக் குல்லா.

றக்வானவில் இது பெப்ரவரி மாதம். தேயிலை கொழுந்து விடாமல் கறுத்துப்போய் நிற்கிறது. பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. இந்த வெயிலில் கம்பளியைப் பார்த்தாலே கழுத்து வியர்க்கிறது. ஆனாலும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஆட்டுமயிர், டீசல், பீடி. பீடியை நீ கடைசிவரை விடவில்லை என்று தெரிகிறது.

நாம் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். என்னை இரத்தினபுரிக்குப் படிக்க அனுப்பினார்கள்; உன்னை லொறி கழுவ அனுப்பினார்கள். நான் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் ஆனபோது நீ அந்த லொறியின் டிரைவர் ஆகியிருந்தாய். நாலு பேர் முன்னால் என்னைக் "கிளாக்கரய்யா" என்பாய். அந்த 'ய்யா'வை நீ இழுக்கிற இழுப்பில் கங்காணிமார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆள் போனதும் "என்ன மச்சான், கோவமா?" என்று கேட்பாய். கோபம்தான். எனக்கு எப்போது கோபம் இல்லாமல் இருந்தது?

எல்லாம் கந்தோர்ச் சுவரில் தொங்கிய ஒரு கலண்டரில் ஆரம்பித்தது. வருடம் முடிந்து அதைக் கழற்றியபோது ஒரு தாளை மட்டும் கிழித்து உன்னிடம் கொண்டுவந்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பெரிய வழி இறங்கி வருகிற படம். பனியாறு என்று சொன்னேன். கங்கை அப்படியொரு பனியாற்றின் வாயிலிருந்துதான் புறப்படுகிறது, அதற்குப் பக்கத்தில் நடந்தே போகலாம் என்றேன். நீ லொறிக்கு அடியில் படுத்திருந்தாய். தலையை மட்டும் வெளியே நீட்டிப் படத்தைப் பார்த்தாய்.

"ஐஸாக் கெடக்குதுன்னா அப்புறம் என்ன ஆறு? ஆறுன்னா ஓடணும்ல?"

"ஓடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு விரல்கடை நகரும்."

"அப்ப நம்ம லொறி மேல் டிவிசனுக்கு ஏறுற மாதிரின்னு சொல்லு" என்றாய்.

அன்றிலிருந்து அது நம்முடைய பயணம் ஆனது. தேயிலைப் பெட்டியின் மூடி ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து, பெட்டிகளில் தோட்டத்து அடையாளம் அடிக்கிற கறுப்பு மையால் அதன் பின்பக்கத்தில் வழியை வரைந்தோம். தலைமன்னார், இராமேஸ்வரம், மதுரை, நாக்பூர், டில்லி, ரிஷிகேஷ், உத்தரகாசி. அங்கிருந்து மலைமேல் நடை. ஊர்களின் பெயர்களை நான் எழுதினேன். எங்கே டீசல் போடுவது, எங்கே வண்டியைப் போட்டுத் தூங்குவது என்று நீ அடையாளம் வைத்தாய். இந்தியாவில் எவனாவது நமக்கு ஒரு லொறி தருவான் என்பதில் உனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டி எங்கேயும் கிடைக்கும் என்பாய்.

"பாவத்தக் கழுவவா போறீங்க?" என்று உன் மனைவி பார்வதி கேட்டாள்.

"பாவம் செய்யிறதுக்கு இந்தத் தோட்டத்துல எங்க புள்ள நேரம்?" என்றாய்.

போகிற மாதத்தை நான்தான் முடிவு செய்தேன். பனியாற்றுக்குக் கோடையில் போகவேண்டும் என்று படித்திருந்தேன். நமக்குக் கோடை என்றால் பெப்ரவரி. கொழுந்து குறைவு, லீவு கிடைக்கும், மண் சரியாது, றக்வான ரோட்டில் பஸ் தவறாமல் வரும். ஜூனில் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது எவன் மலை ஏறுவான்? பெட்டி மூடியின் மேல்மூலையில் பெரிதாகப் 'பெப்ரவரி' என்று எழுதினேன். புவியியலில் அதிவிசேட சித்தி பெற்றவன் எழுதினான், நீ தலையாட்டினாய்.

குளிருக்குப் பழகவேண்டும் என்பது உன் யோசனை. இரத்தினபுரியில் ஒரு கூல்பார் வாசலில் மரத்தூள் சுற்றிய ஐஸ் கட்டி இறக்கி வைத்திருந்தார்கள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாய். கடை முதலாளி ஓடிவந்து "பிஸ்ஸுத?" என்று கத்தினார். பைத்தியமா என்று கேட்கிற அந்தச் சிங்களத்துக்கு நீ சிங்களத்திலேயே மரியாதையாகப் பதில் சொன்னாய்: இன்னும் பிடிக்கவில்லை முதலாளி, இந்தக் கிளாக்கரோடு சேர்ந்தால் பிடித்துவிடும். அவர் சிரித்துவிட்டார். நமக்கு ஆளுக்கொரு சர்பத்தும் கிடைத்தது.

இன்னொன்றையும் எழுதவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கே அர்த்தமில்லை.

ஒரு மழைக்காலத்தில் கீழ் டிவிசன் ரோட்டில் மண் சரிந்து, ஆட்களை விட்டு வெட்டித் திறந்தார்கள். ஸ்டோரில் பெட்டிகள் அடுக்கியபடி காத்திருந்தன. தோட்டத்துத் துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீயோ ஒரு பெட்டியைக்கூட ஏற்றவிடவில்லை. புது ரோட்டில் முதலில் வெறும் ஓட்டம், பிறகுதான் லோடு என்றாய். அது உன் வழக்கம்; துரைக்காகவும் மாற்றமாட்டாய். அன்று ஏதோ உற்சாகத்தில் நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு மச்சான்."

"ஏன், நானும் வாறேன்."

"வெறும் ஓட்டத்துல ஆள ஏத்த மாட்டேன். உருண்டா நான் மட்டும் உருளுறேன். எறங்கு."

துரை பார்க்க என்னை இறக்கிவிட்டாய். அந்தக் கோபம் எனக்குச் சில நாள் இருந்தது.

பிறகு ஒப்பந்தத்தின் காலம் வந்தது. இந்த மனிதர்கள் இத்தனை பேர் உனக்கு, அத்தனை பேர் எனக்கு என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து மக்களான நம்மைப் பிரித்துக்கொண்டன. நீ இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தாய். நான் படித்தவன் அல்லவா, இந்த மண்ணில் பிறந்தவனுக்கு இந்த நாடு பிரஜாவுரிமை கொடுக்கும் என்று நம்பி இங்கே எழுதிக்கொடுத்தேன். உனக்குப் பாஸ்போட் வந்தது. எனக்கு, தகப்பனாரின் பிறப்பை நிரூபி என்று கடிதம் வந்தது. லயத்தில் பிறந்த குழந்தையை எவன் பதிந்தான்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என் முகத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்டவனை நான் மன்னிக்கவில்லை. ஒரு சான்றுக் கடிதம் கேட்டதற்கு, நாளை வா நாளை வா என்று அலையவிட்டு தன் சீமைக்குக் கப்பலேறிய துரையையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நீ போகிற அன்று இரத்தினபுரி பஸ் நிலையத்தில் உன் தகரப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றோம். ஒருவரை விட்டு ஒருவர் பனியாற்றைப் பார்ப்பதில்லை என்று நான் உன்னிடம் சத்தியம் வாங்கினேன்.

"நீ வராம அதப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்? யாருகிட்டச் சொல்லி வயிறெரிய வைக்கிறது?" என்றாய்.

நீலகிரியில் குடியேறினாய். கொஞ்ச நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து டில்லிக்கு லோடு அடிக்கிற லொறியில் வேலை கிடைத்தது என்று எழுதினாய். சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு ஒரு மார்ச் மாதம் அந்தப் போஸ்ட்காட் வந்தது. உத்தரகாசி முத்திரை. 'மச்சான், நான் வந்துட்டேன். மலை தெரியுது. ஆனா உன் கோடைக்கு இங்க ரோட்டையே காணோம், எல்லாம் பனி. சிரிச்சு வயிறு வலிக்குது.' அவ்வளவுதான். பெயர்கூட இல்லை. நீ எதிலும் பெயர் போடுவதில்லை.

நான் எந்த நாட்டுக்கும் ஆளில்லாமல், பாஸ்போட் கேட்கவே வழியில்லாமல் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ நம் பயணத்தை எனக்குச் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு, என் கோடையையும் கேலி செய்கிறாய். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பெட்டி மூடியைத் திருப்பி அரிசி மூட்டைக்கு அடியில் போட்டேன். உன் அடுத்த கடிதங்களுக்குப் பதில் எழுதவில்லை. நீயும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாய்.

போன வருடம் கடைசியாக நான் பதிவுப் பிரஜை ஆனேன். பாஸ்போட்டும் எடுத்துவிட்டேன். எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நீ நெஞ்சுவலியில் போய் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. இனி எங்கே போவதற்கு அது?

போன ஞாயிற்றுக்கிழமை பார்வதியின் தம்பி மாரியப்பன் வந்தான். கொடகவெலவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். உன் திவசத்துக்குக் கோத்தகிரியில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, பையிலிருந்து இந்தக் குல்லாவை எடுத்து வைத்தான்.

"அக்கா குடுத்துச்சு. ஒங்களுக்குன்னு அத்தான் வாங்குனதாம்."

"எப்ப வாங்கினாராம்?"

"மொத தடவ போனப்ப. ரெண்டு வாங்குனாராம். ஒன்ன அவரு போட்டுத் தேச்சுட்டாரு. இத யாரையும் தொட விடல. வண்டியிலயே வச்சிருந்தாராம், ஆள் வந்தா நேரா ஏத்திக்கிட்டுப் போயிரலாம்னு."

முதல் தடவை என்றால் வேறு தடவையும் உண்டா என்று கேட்டேன். என் குரல் நன்றாக இருந்திருக்காது. மாரியப்பன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கிளாக்கரய்யா, நீங்க கோவிக்காமக் கேட்டா சொல்றேன். மறு வருசம் ஜூன் மாசம் போனாரு. அப்பத்தான் அங்க கோடையாம். பஸ்ஸு கடைசியா நிக்கிற எடம் மட்டும் போயிருக்காரு. அந்த எடத்துக்குப் பேரு என்னாங்கிறீங்க? லங்காவாம். கண்டக்டர் 'லங்கா, லங்கா'ன்னு கத்துனதும், அடப்பாவி திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டானேன்னு அத்தான் பதறிட்டாராம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உன் பேச்சுக்குச் சிரித்தேன்.

"அப்புறம்?"

"அங்கேருந்து நடக்கணும். பாதை எப்பிடி, எங்க தங்குறது, எங்க சோறு கெடைக்கும்னு எல்லாம் கேட்டுக்கிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பிட்டாரு. கூட வந்தவங்க எல்லாம் மேல போனாங்களாம். இவரு போகல."

"இவ்வளவு தூரம் போயா?"

"அக்காவும் அதத்தான் கேட்டுச்சு. 'புது ரோடுல்ல, இது வெறும் ஓட்டம். லோட்டோட ஒரு தரம் போகணும்'னாரு. என்னா லோடுன்னு கேட்டதுக்கு, 'அங்க ஒருத்தன் இருக்கான். அம்புட்டுப் படிச்ச தலை, பாரமாத்தான் இருக்கும். ரோடு பாக்காம ஏத்த முடியாது'ன்னாராம்."

மாரியப்பன் போவதைப் பார்த்துக் கதவடியில் நின்றேன். கீழ் டிவிசன் ரோட்டில் துரை பார்க்க என்னை இறக்கிவிட்டுப் போனாயே, அந்த லொறியின் பின்பக்கம்தான் கண்ணில் தெரிந்தது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அந்தப் போஸ்ட்காட்டில் இன்னொரு வரி எழுத இடமிருந்தது. வெறும் ஓட்டம் என்று இரண்டு சொல் போட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ரோட்டைப் பார்த்து வைத்துவிட்டு லோடு ஏற்றாமல் போய்ச் சேர்ந்ததற்கும் கோபம்தான். இதற்கெல்லாம் நீ தோளைக் குலுக்கி, பரவாயில்லை என்று சிங்களத்தில், "கமக் நே மச்சான்" என்பாய். அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் கோபம்.

ஆனால் மறுநாளே அரிசி மூட்டையை நகர்த்திப் பெட்டி மூடியை எடுத்தேன். ஈரம் ஏறி ஓரம் உப்பியிருக்கிறது. மை அப்படியே இருக்கிறது. நீ வைத்த டீசல் அடையாளங்கள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. மேல்மூலையில் என் 'பெப்ரவரி'யைக் கத்தியால் சுரண்டிவிட்டு 'ஜூன்' என்று எழுதினேன். உத்தரகாசிக்கு மேலே, நாம் வெறுமனே கோடு போட்டு விட்டிருந்த இடத்தில் 'லங்கா' என்று சேர்த்தேன். காலையில் கந்தோர் போகுமுன் ஸ்டோருக்கு மேலே உள்ள தேயிலை மலையைச் சுற்றி ஏறி இறங்குகிறேன். முதல் நாள் இளைத்தது. இன்று அவ்வளவு இளைக்கவில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் "ஐயாவுக்கு என்னாச்சு?" என்று பேசிக்கொள்கிறார்கள். லீவுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டேன். புதுத் துரை காரணம் கேட்டார். பனியாறு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லொறி இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போகவேண்டும். இரவில் வண்டி ஓட்டும் நீ தூங்கிவிடாமல் இருக்க நான் பேசிக்கொண்டே வரவேண்டும் என்பது அன்று நாம் செய்த ஏற்பாடு. இப்போது என்ன பேசினாலும் பதில் வராது. அது எனக்குப் பழகிவிடும் என்று பொய் சொல்லமாட்டேன். குல்லாவைப் பையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மேலே போனதும் போட்டுக்கொள்வேன். அந்த ஐஸில் கை வைத்து அது நகர்கிறதா என்று பார்த்து, உனக்கு வயிறெரிகிற மாதிரி சத்தமாகவே சொல்வேன்.

இந்த மடலைக் கோத்தகிரிக்கு, உன் பெயருக்கே அனுப்புகிறேன். பார்வதி பிரிப்பாள். அடியில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். நீ எந்தப் போஸ்ட்காட்டில் பெயர் போட்டாய்? பெயர் இல்லாமலே நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன். ஜூன் பிறக்கும்போது லோடு வந்து அவள் கதவைத் தட்டும். யாரென்று அப்போது பார்த்துக்கொள்ளட்டும்.