நல்ல கொழுப்பு கூடிய டிரைவர் அண்ணனுக்கு

அண்ணே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று லீவு போட்டுவிட்டு, கண்டி டவுனில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடையில் ரோல்ஸ் பொரித்தார்கள். வாசம் கதவைத் தாண்டி வந்ததும் என் வயிறு, கலஹா ஏற்றத்தில் நம் பஸ் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பக்கத்துக் கதிரை அம்மா தள்ளி உட்கார்ந்தார். நர்ஸ் மிஸ் ஏதோ பஸ் வருகிறதென்று ரோட்டை எட்டிப் பார்த்தார். நானும் சேர்ந்து எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில், நான் புட்போர்டில் என்று எத்தனை வருஷம் ஓடினோம். நீங்களும் இதே கொழுப்புப் பரிசோதனைதான் செய்தீர்கள். எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பு உங்களுக்குக் கூடுதலாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். கெட்டதும் கூட, பிரஷரும் கூட என்று அவர்கள் சொன்னபோது உங்கள் காது வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறுகிற ஆளுக்கெல்லாம் அந்தச் சேதிதான்.

"நல்ல கொழுப்புன்னா என்னான்னு தெரியுமாடா? ரத்தக் குழாயில கிடக்கிற குப்பைய அள்ளிட்டுப் போற லொறி. எனக்கு லொறி கூட!"

"அதுக்காக குப்பையையும் கூடப் போடலாமாண்ணே?"

"பொறாமைடா உனக்கு."

நாம் பஸ் நிறுத்துகிற சாப்பாட்டுக் கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறோமே, அதற்கு. அதுவரை ஒரு பிளேட் ஈரல் பொரியலோடு எழும்புகிற நீங்கள், ரிசல்ட் வந்த பிறகு இரண்டாவதையும் இழுத்தீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "முதலாளி, அண்ணனுக்கு இன்னொரு பிளேட் போடுங்க, லொறி வேலையில்லாம நிக்குது!" என்று கத்துவேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறும். சாப்பிட்டு முடித்து ஒரு சிகரெட்டும் பற்றவைப்பீர்கள்.

பிறகு அந்தக் காலை. பனி இறங்கிய குளிரில் உங்கள் சட்டை முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், மற்றது நெஞ்சில்.

"என்னண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

"கேஸ்டா, வெறும் வாயு. நல்லது கூட இருக்கிறவனுக்கு ஹார்ட் எல்லாம் வராது."

பேராதனை வரைக்கும் ஓட்டினீர்கள். பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தீர்கள். ஹார்ன் நிற்காமல் அடித்தது. "ரோட்டுல ஒரு ஆளும் இல்ல, யாருக்குய்யா இந்த ஹார்ன்?" என்று பின்சீட்டிலிருந்து ஏசினார்கள். ஏசியவர்கள்தான் ஓடிவந்து உங்களைத் தூக்கினார்கள்.

வார்டில் உடம்பெல்லாம் வயரோடு படுத்துக்கொண்டு கேட்டீர்கள்: "எனக்கு நல்லது கூடத்தானே, டொக்டர்?"

அந்த டொக்டர் பிள்ளை பொறுமையாகச் சொன்னார்: "நல்லது கூட இருக்குங்கிறதுக்காக மத்ததெல்லாம் உங்கள சும்மா விட்டுறாதுங்க ஐயா. கெட்ட கொழுப்பும் பிரஷரும் சிகரெட்டும் அதது பாட்டுக்கு வேலை செய்யும். நெஞ்சு வலிச்ச உடனே வந்திருக்கணும்."

நீங்கள் என் பக்கம் திரும்பி, "லொறி பிரேக்டவுன்டா" என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். மறுநாள் நான் வந்தபோது உங்கள் கட்டிலில் வேறு ஆள் இருந்தார்.

இன்று பகல் என் ரிசல்ட் வந்தது. எனக்கு நல்லது குறைவு, கெட்டது கூட. நீங்கள் இருந்திருந்தால் கலஹா முழுக்க ஹார்ன் அடித்துச் சொல்லியிருப்பீர்கள். டொக்டர் கெட்டதைக் குறைக்க மாத்திரை தந்தார், சிகரெட்டை விடச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றை மட்டும் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை, அதை உங்களிடமிருந்தே எடுத்து வைத்திருக்கிறேன்: நெஞ்சு பிடித்தால் அதற்கு கேஸ் என்று பேர் வைக்க மாட்டேன். நேரே ஆஸ்பத்திரிதான்.

நடையை இன்று பின்னேரமே தொடங்கினேன். பேராதனை ரோட்டோரமாகக் கை வீசி நடந்தேன். பின்னால் வந்த பஸ் ஒன்று வளைவில் வேகம் குறைத்தது. கால் பழக்கத்தில் புட்போர்டில் ஏறிவிட்டது. வாய் "ரைட்!" என்றது. டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். அந்தக் கண்டக்டர் டிக்கட் கேட்டார். வாங்கினேன். கலஹாவில் இறங்கினேன்.