சாம்பிராணி மேல் பழி

வெள்ளி, 6 மார்ச்
காலையிலேயே சுள்ளென்று வெயில். முன்வாசல் கழுவியாயிற்று. இன்றும் வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டையில் நமைச்சல் மட்டும். ஒரு மாதமாக இதே கூத்து. வீட்டுக்காரர் தூபக்காலை ஸ்டோர் ரூமில் ஒளித்துவைத்துவிட்டார். "சாம்பிராணிதான் ஒனக்கு ஆவல. சொன்னா கேக்க மாட்ட லா." வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடாகிவிட்டது எங்கள் வீடு. எரிச்சல்.

மாலை, கோயிலில் பஜனை ஒத்திகை. இரண்டாம் அடியிலேயே இருமல். சரசு அக்கா சொன்னார்: "பங்குனி உத்திரத்துக்கு மொதப் பாட்ட நான் பாடிடறேன்மா. நீங்க தாளம் போடுங்க." தாளமாம். வருடக்கணக்காக அது என் பாட்டு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஞாயிறு, 8 மார்ச்
கூலாயில் மகள் வீடு. மழை. இங்கே சாம்பிராணி கிடையாது. ஐஸ் தண்ணீரும் தொடவில்லை. இருந்தும் ஓயாத இருமல். மருமகன் பாவம், தூங்கவே இல்லை.

காலையில் பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்தபோதுதான் உறைத்தது. சாம்பிராணி லாபிஸில் எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. என்னோடு பஸ் ஏறி வந்தது இதுதான். தைப்பூசம் முடிந்ததும் கிளினிக்கில் கொடுத்த புது மாத்திரை. இருமலும் அதற்குப் பிறகுதான்.

மகள்: "நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. டாக்டர்கிட்ட கேளுங்க." சரி. மாத்திரையை முறைத்துக்கொண்டே விழுங்கினேன்.

செவ்வாய், 10 மார்ச்
லாபிஸ் கிளினிக். நல்ல கூட்டம். இவரையும் வேண்டுமென்றே உள்ளே கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ் ஆள். "இந்த மருந்து சில பேருக்கு வறட்டு இருமல் கொடுக்கும் ஆன்ட்டி. நிறுத்தாம வந்து சொன்னீங்க பாருங்க, அதான் சரி. வேற மாத்திரை தர்றேன். இருமல் போக சில வாரம் ஆகும்."

"அப்ப சாம்பிராணி?" என்றார் இவர்.

"அது ஒன்னும் செய்யல அங்கிள்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீடு வந்ததும் தானே போய் தூபக்காலை எடுத்து வந்து வைத்தார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை.
வாங்க வேண்டியவை: சாம்பிராணி, கரி, வெற்றிலை.

வெள்ளி, 27 மார்ச்
மேகமூட்டம். இருமல் குறைந்து குறைந்து இன்று சுத்தமாக இல்லை. பிரஷரும் நல்லபடி. ஒத்திகையில் முழுப் பாட்டும் பாடினேன். சரசு அக்கா தானாகவே தாளத்தை எடுத்துக்கொண்டார். தூபக்காலைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாயிற்று.

புதன், 1 ஏப்ரல்
உத்திரம். கோயில் முழுக்கச் சாம்பிராணிப் புகை, எதிரே நிற்பவர் தெரியவில்லை. முதல் பாட்டு நான். கடைசி அடி வரை ஒரு செருமல்கூட இல்லை. நடுவில் முன்வரிசையில் யாரோ விடாமல் இருமினார்கள். எட்டிப் பார்த்தேன்.

இவர்.