சான் ரோக்கோ அண்ணாந்து பார்க்கும் இடம்

ஜூன் 23

இன்றைக்கு மட்டும் நாலு வீட்டிலிருந்து சுக்கினிக் காய் வந்தது. ஒருத்திக்கு எத்தனை வேண்டும்? பொரித்தேன், சூப் வைத்தேன், மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பிப்ரவரியில் என் புருஷன் நேனோவை அடக்கம் செய்தபோது வந்து நின்றவர்கள் பதினாறு பேர். பனியாம், பாதை வழுக்குமாம். இப்போது வெயில் வந்ததும் ஊரே துக்கம் விசாரிக்க வருகிறது. துக்கமா அது? தோள் மெத்தை. எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் பதினாறு எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கோவின் பவனி. சப்பரத்துக்கு எட்டுத் தோள், எட்டுப் பேருக்கும் அவரவர் மனைவி தைத்த மெத்தை. தூக்குகிறவர் செத்துப்போனால், அந்த மெத்தையை விதவை யார் கையில் கொடுக்கிறாளோ அவனுக்கு அந்த இடம். மேயரும் வாய் திறக்கக் கூடாது, சாமியாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையின் சொல் எடுபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். அதற்கும் புருஷன் சாக வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. இந்த டைரி சவப்பெட்டிக்காரர் இனாமாகத் தந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் போன் நம்பர். ‘எந்நேரமும் அழையுங்கள்.’

ஜூன் 24

மெத்தையை எடுத்துப் பார்த்தேன். இன்னும் அவர் வியர்வை வாசனை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 2

நாத்தனார் தெல்ஃபீனா மகன் லோரிஸை இழுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்திநாலு வயது, ஆறடிக்கு மேல் வளர்த்தி, கையெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்தில் ஊதி வைத்தது.

“அண்ணி, இவனைப் பாருங்க, அப்படியே அவன் மாமன் மாதிரி.”

நேனோ இவன் அக்குள் வரைதான் இருப்பார். “எதுல மாமன் மாதிரி?” என்றேன்.

“மனசு அண்ணி, மனசு.”

மனசு என் பழ அடையில் நாலு துண்டு தின்றது. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? கொடுத்துவிட்டால் அவர் இடத்தில் இன்னொருவன் நிற்பான். நின்றுவிட்டால் அவர் செத்தது முடிந்துபோகும்.

ஜூலை 9

விழாக் குழுத் தலைவர் ஒரெஸ்தே வந்தான். வாரத்தில் ஆறு நாள் இன்சூரன்ஸ் விற்பான், ஏழாம் நாள் மரபு விற்பான். கையில் பளபளவென்று ஒரு விளம்பரத் தாள். ‘புனித நோக்கு. 1527 முதல்.’ கொள்ளைநோய்க் காலத்தில் சான் ரோக்கோவின் சுரூபம் தானாகவே முகத்தை உயர்த்தி வானத்தைப் பார்த்து மன்றாடியதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அண்ணாந்து பார்க்கிறாராம்.

அதே இடம் என்பது என் வீட்டு வாசல். எங்கள் தெரு செங்குத்து. வீடு மேட்டு முனையில், கீழே பார்த்தபடி நிற்கிறது. மற்ற வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சப்பரத்தின் குடைதான் தெரியும், சாமி முகம் தெரியாது. என் ஜன்னலுக்கு மட்டும் தெரியும். பின்பக்கம் இடது தோள் நேனோவுடையது. பத்தொன்பது வயதில் வாதுமை மரத்திலிருந்து விழுந்த கால், அந்த மேட்டில் மடங்கிவிடும். பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும், சான் ரோக்கோ அண்ணாந்து பார்ப்பார். சாமி முகத்துக்குப் பின்னால் நேனோவின் வழுக்கை மட்டும் தெரியும். அவ்வளவுதான் அற்புதம்.

“இது நேனோ காலு, ஒரெஸ்தே. 1527-ல அவரு பொறக்கல.”

“அக்கா, மரபுன்னா அதுக்கு ஒரு வயசு வேணும். முப்பது வருஷத்தைக் காட்டி மாகாணத்துல என்னத்தைக் கேக்கறது?”

“உண்மையைச் சொல்லிக் கேளு.”

“உண்மைக்கு மானியம் கிடையாதுக்கா.”

போகும்போது ஒரு பை வைத்துவிட்டுப் போனான். சுக்கினி.

ஜூலை 14

விழாவில் மத்தியகால ஊர்வலம் ஒன்றும் உண்டு. மருந்துக் கடைக்காரர் பிரபு, கறிக்கடைக்காரர் தலை வெட்டுகிறவன். வெல்வெட் உடுத்திக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் நடப்பார்கள், போன வருஷம் பிரபு மயங்கி விழுந்தார். இன்று ஒரெஸ்தே கேட்டான்: “அக்கா, நீங்க மத்தியகால விதவையா வர்றீங்களா? உடுப்புச் செலவு மிச்சம், உங்ககிட்டதான் கறுப்பு இருக்கே.”

கதவைச் சாத்தினேன். அவன் விரல் தப்பியது, சான் ரோக்கோ புண்ணியம்.

ஜூலை 20

நகரத்திலிருந்து ஒரு பேராசிரியை அம்மாள். ‘புனித நோக்கு’ பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். நல்ல பெண், காப்பிக்கு நன்றி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன், வாதுமை மரம், கால், மேடு, வருஷா வருஷம் பவனி முடிந்ததும் அந்த முட்டிக்கு நான் எண்ணெய் தேய்த்தது. கடகடவென்று எழுதினாள். எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

“இவ்வூர்ப் பெண்கள் புனித நிகழ்வைத் தம் கணவரின் உடற்குறையோடு இணைத்துப் புரிந்துகொள்கின்றனர்.”

“அம்மா, இணைக்கல. அது அவர் காலேதான்,” என்றேன்.

“இதுதான், இதுதான் எனக்கு வேணும்!” என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 26

நோக்கை இடம் மாற்றுகிறார்களாம். சாமி பார்ப்பதை. மாற்றுகிறார்களாம். ஒரெஸ்தே வந்து சொன்னான்.

“உங்க தெருவுல நாலு பேர் நிக்க இடமில்லக்கா. சதுக்கத்துல முன்னூறு நாற்காலி போடறோம், காட்டுப்பன்றிக் கறி பாஸ்தா போடறோம். அங்கேயே பாத்துடட்டும்.”

“யாரு பாக்கறது?”

“சான் ரோக்கோதான். நான் விசில் அடிச்சதும் பாப்பாரு. லோரிஸுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு.”

நான் இன்னும் மெத்தையே கொடுக்கவில்லை, அவன் லோரிஸுக்கு விசில் பழக்கிவிட்டான். என்ன மனுஷங்கடா இவங்க? அந்தாளு முப்பது வருஷம் வலிக்க வலிக்கத் தூக்கினாரு, தாள்ல ஒரு மூலையில கூடப் பேர் இல்ல. இப்ப வாசலையும் எடுத்துக்கிறானுங்க. எனக்குன்னு என்னதான் மிச்சம்? சுக்கினியா?

ஆகஸ்ட் 2

பூசை முடிந்ததும் ஒரெஸ்தே ஃபிதேல் சாமியிடம் முறையிட்டான். ஃபிதேல் சாமி காங்கோ நாட்டுக்காரர், எங்களோடு சேர்த்து ஐந்து ஊருக்கும் சாமியார் அவர் ஒருவர்தான்.

“சாமி, எர்சிலியாக்கா மெத்தையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

சாமி கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “எங்க ஊர்ல விதவைகூட வாதாடின ஆளை நான் பாத்ததே இல்ல, ஒரெஸ்தே. பாத்திருந்தாலும் உயிரோட பாத்ததில்ல.”

இந்த மனிதருக்கு ஒரு நாள் நல்ல சாப்பாடு போட வேண்டும். சுக்கினி இல்லாமல்.

ஆகஸ்ட் 5

சதுக்கத்தில் ஒத்திகை. சான் ரோக்கோவுக்குப் பதில் சப்பரத்தில் இரண்டு சிமெண்ட் மூட்டை. ஒரெஸ்தே விசில் அடித்தான், லோரிஸ் சடாரென்று முட்டியை மடக்கினான், மேல் மூட்டை பின்பக்கம் சரிந்து வெடித்தது. சதுக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பொடி. அப்புறம் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவினார்களாம், சிமெண்டின் மேல்! என் ஊர் புத்திசாலிகளைப் பார்க்க எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

ஆகஸ்ட் 10

கலியானோ வந்தார். வெறுங்கையோடு வந்த முதல் ஆள்.

பின்பக்கம் வலது தோள் அவர். நேனோவுக்குப் பக்கத்துத் தோள். பத்தொன்பது வருஷமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தண்டின் அடியில், காதோடு காது ஒட்டி, ஒரு வார்த்தை கிடையாது. ஏதோ வேலித் தகராறு என்று நினைத்திருந்தேன். நேனோவிடம் கேட்டால், “அவன் ஒரு மாதிரி” என்பார். அவ்வளவுதான்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மெத்தை கேக்க வரல. எனக்குன்னு ஒண்ணு இருக்கு. நோக்கைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோறானாமே ஒரெஸ்தே, அதான் வந்தேன். ஒண்ணு சொல்லணும். செத்தவன் சொல்லியிருக்க மாட்டான்.”

“சொல்லுங்க அண்ணே.”

“அது காலு இல்ல.”

“எது?”

“காலாவது கையாவது. அந்தக் காலோட விறகு சுமந்து மலை ஏறினவன் அவன். எம்பத்திநாலுல அவன் முதல்முதலா தூக்கின வருஷம், நீ சாமிக்கு மரியாதையா மாடி ஜன்னல்ல விரிப்பு தொங்கவிட்டே இல்ல? அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன்கிட்ட என்ன சொன்னே?”

எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

“‘மேல இருந்து பாத்தா குடைதான் தெரியுது, சாமி மூஞ்சியே தெரியல, இதுக்கா அவ்ளோ கனமான விரிப்பைத் தூக்கிட்டு வந்து போடறது’ன்னு சொன்னியாம். மறு வருஷம் தண்டுக்கு அடியில என்கிட்ட சொல்றான்: ‘கலியானோ, என் வீட்டுக்கிட்ட நான் முட்டியை மடக்குவேன், நீ கொஞ்சம் தாங்கிக்கோ.’ கொஞ்சம்னான்! அவன் மடக்கினா பாரம் பூரா என் தலையில. பதினோரு வருஷம் தாங்கினேன். தொண்ணூத்தாறுல இடுப்பு போச்சு, மூணு மாசம் படுக்கை. இனிமே வேணாம்டான்னேன். ‘அவ பாக்கணுமே’ன்னான். அன்னைக்கு நிறுத்தினேன் பேச்சை.”

“ஆனா அதுக்கப்புறமும் தூக்கினீங்களே அண்ணே.”

“பேச்சைத்தான் நிறுத்தினேன். தோளை நிறுத்தல.”

போய்விட்டார். ஒரு டம்ளர் ஒயின்கூடக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

முப்பது வருஷம் அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்த்தேன். ‘வலிக்குதா?’ என்று கேட்பேன். ‘கொஞ்சம்’ என்று முட்டியைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார் மகராஜன்!

ஆகஸ்ட் 12

ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆகஸ்ட் 13

மெத்தையை எடுத்துக்கொண்டு கலியானோ வீட்டுக்குப் போனேன். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“நீங்க இடப்பக்கம் வாங்க அண்ணே. உங்க இடத்தை லோரிஸுக்குக் குடுங்க. தெல்ஃபீனா வாயும் அடையும்.”

“எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது, எர்சிலியா.”

“போன வருஷம் தூக்கினப்ப அவருக்கும் எழுபத்தொண்ணுதான்.”

மெத்தையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “சும்மா தூக்குவேன். மடக்க மாட்டேன். சதுக்கத்துலயும் மடக்க மாட்டேன், உன் வாசல்லயும் மடக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“மடக்கச் சொல்லி நான் கேக்கலையே.”

கேட்கவில்லைதான். கொடுத்துவிட்டேன். கை வெறுமையாகத் திரும்பி வந்தது. வழியெல்லாம் அழுதேன், எதிரே வந்தவர்களிடம் வெங்காயம் நறுக்கினேன் என்றேன். தெருவில் நடந்துகொண்டு!

ஆகஸ்ட் 16

பிப்ரவரியிலிருந்து மாடி ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. துக்க வீடு ஒரு வருஷம் விரிப்பு போடாது, ஜன்னல் திறக்காது. காலையிலேயே தெல்ஃபீனா வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

சதுக்கத்தில் நடந்ததை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். முன்னூறு நாற்காலி, பேராசிரியை அம்மாள் முன்வரிசையில், கேமரா, பாஸ்தா. சப்பரம் வந்து நின்றது. ஒரெஸ்தே விசில் அடித்தான். சான் ரோக்கோ நட்ட கம்பு மாதிரி நின்றார். மறுபடி அடித்தான். கலியானோ, “யாரு நாயைக் கூப்பிடறது?” என்று சத்தமாகக் கேட்டாராம். பேராசிரியை அதையும் எழுதிக்கொண்டாளாம். அப்புறம் பாஸ்தா ஆறுகிறதென்று கூட்டம் தட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

எங்கள் மேட்டுக்குச் சப்பரத்தோடு ஏறி வந்தது ஃபிதேல் சாமி, இரண்டு கிழவிகள், போனை நீட்டிக்கொண்டு உரித்த வெள்ளரி நிறத்தில் ஒரு வெளியூர்க்காரன், ஒரு நாய்.

மூச்சிரைப்பு கேட்டது. தண்டு கிறீச்சிடுவது கேட்டது. ஜன்னல் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். குடைதான் தெரிந்தது. சிவப்புக் குடை, பொன் குஞ்சம். சரி, அவ்வளவுதான், போகட்டும் என்று நினைத்தேன்.

சப்பரம் நின்றுவிட்டது.

கீழிருந்து கலியானோ குரல்: “எர்சிலியா! ஜன்னலைத் தொற!”

திறந்தேன். துக்கம் என்ன சொல்லுமோ சொல்லட்டும்.

குடை மெள்ளப் பின்னால் சாய்ந்தது. சான் ரோக்கோ அண்ணாந்து என்னைப் பார்த்தார். மூக்கில் வண்ணம் உதிர்ந்த அதே முகம். பின்னால் லோரிஸ் அலறினான்: “ஐயோ! என்ன பண்றீங்க தாத்தா? எல்லாம் என் மேல வருது!”

“கம்முனு தாங்குடா!” கலியானோ முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. “பாத்துட்டியா எர்சிலியா? சீக்கிரம் சொல்லு, உயிர் போவுது!”

“பாத்துட்டேன் அண்ணே!”

நிமிர்ந்தது. போனார்கள்.

வழுக்கைத் தலை இல்லை. கலியானோவுக்கு இன்னும் அடர்ந்த முடி. அதைப் பார்த்ததும்தான், பிப்ரவரியிலிருந்து முதல் முறையாக, அவர் இல்லை என்று என் மூளையில் ஏறியது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் வந்தது. அந்த அலறலுக்குச் சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்?

ஆகஸ்ட் 17

கலியானோ படுக்கையை விட்டு எழவில்லை. சூப் கொண்டுபோனேன். சுக்கினி சூப்தான், வேறென்ன இருக்கிறது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் குடித்தார்.

ஆகஸ்ட் 30

ஒரெஸ்தே வந்தான். அந்த வெளியூர்க்காரன் எடுத்த படத்தைப் பாதி உலகம் பார்த்துவிட்டதாம். அடுத்த வருஷத் தாள் இப்போதே தயார். ‘பழைய கூவல்: தூக்குபவர் பாத்துட்டியா என்று கேட்க, கறுப்புடுத்திய பெண் ஜன்னலிலிருந்து பாத்துட்டேன் என்று விடை சொல்வாள். 1527 முதல்.’

“ஒரு சின்ன இடத்துல நேனோ பேரைப் போடு,” என்றேன்.

“1527-ல நேனோவாக்கா?”

“போடு. என்னைக் கறுப்புடுத்தி நிக்க வைக்கிறே இல்ல? போடு.”

எழுதிக்கொண்டான். கொள்ளைநோயில் செத்த நேனோ என்று போடுவான், எனக்குத் தெரியும். போடட்டும்.

மாலையில் தெல்ஃபீனா. “அண்ணி, லோரிஸ் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறான். அந்தக் கலியானோ மூஞ்சியில சாகிற வரைக்கும் முழிக்க மாட்டேன்ங்கிறான். ஒரு வார்த்தை பேச மாட்டானாம்.”

“அடுத்த வருஷம் தூக்குவானா?”

“அது எப்படித் தூக்காம இருப்பான்? அவன் இடமாச்சே!”

அவள் போனதும், சரிசெய்து தருகிறேன் என்று கலியானோவிடமிருந்து வாங்கி வந்த மெத்தையைப் பிரித்தேன். கலியானோ தோள் எலும்பு கூரானது, ஓரத்தில் துணி தேய்ந்திருக்கிறது. பழைய கம்பளியை எடுக்கவில்லை. மேலே புதுசு கொஞ்சம் வைத்துத் தைக்கிறேன்.