மாடி ஜன்னலில் ஒரு சிவப்பு

ஜனவரி 5
புது ஃபில்டர் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறரைக்கே முற்றத்தில் கேமராவை நிறுத்தினேன். எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் ரோசெட் நெபுலா என்ற வாயுமேகம் ஏறிக்கொண்டிருந்தது. தெருவிளக்கின் மஞ்சளை இந்தக் கண்ணாடி உள்ளே விடாது. ஹைட்ரஜனின் சிவப்பையும் ஆக்சிஜனின் நீலப்பச்சையையும்தான் விடும். படத்தில் ஊரே அணைந்துபோயிருந்தது.

ஜனவரி 6
பலத்த காற்று. ஒன்றும் எடுக்கவில்லை.

ஜனவரி 8
படங்களின் கீழ்விளிம்பில் ஒரு சிவப்புத் திட்டு. எதிர்வீட்டு மாடி ஜன்னல் இருக்கும் இடம். வெறும் கண்ணால் பார்த்தால் கண்ணாடியில் தெருவிளக்கின் பளபளப்பைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் வெண்டல் செப்டம்பரில் மகள் ஜோலினோடு ஃபீனிக்ஸ் போனதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. மின்சாரம்கூட இல்லை. அவர் மனைவி ஆர்லீன் இறந்தது அந்த அறையில்தான் — இதை ஏன் எழுதுகிறேன்? ஏதோ நட்சத்திரத்தின் ஒளி ஃபில்டரில் பட்டுத் திரும்பியிருக்கும்.

ஜனவரி 9
அது இல்லை. கேமரா நட்சத்திரங்களைத் தொடர்ந்து திரும்புவதால் எல்லாப் படத்திலும் அவை ஒரே இடத்தில் நிற்கின்றன. ஃபில்டரின் கோளாறு என்றால் திட்டும் அப்படியே நிற்க வேண்டும். அதுவோ கூரையோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. ஜன்னலில்தான் இருக்கிறது. ஒரு படத்தில் மங்கல், அடுத்ததில் பிரகாசம், மறுபடி மங்கல். யாரோ மூச்சு விடுகிற மாதிரி. என் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

ஜனவரி 10
காலையில் ஃபீனிக்ஸுக்குப் போன் செய்து, வெண்டலிடம் பேசலாமா என்று கேட்டேன். ஜோலின்தான் எடுத்தாள்.

"அப்பா நவம்பர்லயே கிளம்பிட்டாரே. ஒமாஹால சித்தப்பா வீட்டுல இருக்கேன்னுதான் போன்ல சொல்றார்."

வெண்டல் கொடுத்துவைத்திருந்த சாவியோடு ஓடினேன். மாடிக் கதவின் அடியில், குளிருக்குத் துண்டு செருகியிருந்தது. உள்ளே இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. இருபுறமும் நாற்காலிகள். ஒன்றில் வெண்டல் — முகமெல்லாம் சிவந்து, கூப்பிட்டும் கண் திறக்காமல். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. யாரோ மடியில் போர்த்திக்கொண்டிருப்பது போல ஒரு போர்வை மட்டும். ஜன்னலை உடைத்தேன். அவரை எப்படிப் படிக்கட்டு வரை இழுத்தேன்? தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

ஜனவரி 13
பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெருப்ப நான் மூட்டல, மார்னி. தினம் சாயங்காலம் அவதான் மூட்டுவா. எனக்குக் குளிரும்னு அவளுக்குத் தெரியும்."

கரிப்புகை ஏறினால் இல்லாததெல்லாம் தெரியும் என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

ஜனவரி 29
துடைத்துவிட்டது போல வானம், ஒரு துளி மேகமில்லை. வெண்டல் என் பின்னறைக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. ஃபீனிக்ஸுக்கு வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். இருட்டு ஆகாது அவருக்கு. எல்லா விளக்கையும் போட்டுவைக்கிறேன், முற்றமெல்லாம் வெளிச்சம். எதிர்வீட்டுப் பக்கம் நாங்கள் இருவருமே பார்ப்பதில்லை.

இன்று, ஏன் படம் எடுக்கவில்லை என்று கேட்டார்.

"மேகமா இருக்கு" என்றேன்.