வியாழக்கிழமை முறை

ஹெல்சிங்கி, ஜூன் மாதம்

அன்பு மகள் ரீக்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலையும் என்னுடைய பொறுமையையும் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ஆப்பிரிக்காவின் அந்தக் கோடியில், விந்தோக்கில், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் கூட்டத்துக்கு வருகிறாய், ஓட்டலில் தங்குகிறாய், வியாழக்கிழமை முழுக்க ஓய்வு, அந்த ஒரு நாளை ஹெல்சிங்கியில் எப்படிக் கழிக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். பிறந்து வளர்ந்த ஊரை வெளியூர்க்காரி மாதிரி கேட்கிறாயே என்று முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. வீட்டுக்கு வரட்டுமா என்று நீ கேட்கமாட்டாய். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ கிளம்பும்போது "போறவ போனவளாவே இருக்கட்டும், இந்தப் படி ஏற வேண்டாம்" என்று அப்பா கத்தியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது, உன் காதில் இருக்காதா. நான் வா என்று கூப்பிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீ எப்படித் தாங்குவாய் என்றுதான் எனக்குப் பயம்.

சரி, கேட்டதற்காவது பதில் சொல்வோம் என்று நேற்று நானே ஒருநாள் ஊர் சுற்றிப் பார்த்தேன். துறைமுகச் சந்தையில் மீன் சூப் நன்றாக இருக்கிறது, ஆனால் பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதே, கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விடும், என்னுடையது போய்விட்டது. கோட்டைத் தீவுக்குப் படகில் போனேன், இறங்கினேன், உட்கார மனசில்லை, அதே படகில் திரும்பிவிட்டேன். புது நூலகத்துக்குப் போனால் உன்னைப் போலவே கூந்தலை முடிந்த ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள், அங்கேயும் இருக்க முடியவில்லை. கடைசியில் டிராமில் ஏறினேன், பாழாய்ப்போன டிராம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் கல்லியோ தெருவிலேதான் கொண்டுவந்து விட்டது. அப்பா வேலையிலிருந்த காலமெல்லாம் ஓட்டிய தடம் அது. ஒரு கம்பளி மேல்சட்டை எடுத்து வா, ஜூன் என்று நம்பி ஏமாறாதே, கடற்காற்று அப்படியே எலும்பில் இறங்குகிறது.

வந்ததும் வராததுமாகத் துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன், அங்கே மேல்மாடி ஒனேர்வா நின்றாள். வீட்டுக்கு வாரம் ஒரு மாலை என்று முறை வைத்திருக்கும் நம் கட்டடத்து நீராவிக் குளியலறையில், சவுனாவில், தன் நேரம் முடிந்த பிறகும் வெளியே வராமல் இருந்தாள் என்று அப்பா கதவைத் தட்டி மானத்தை வாங்கியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. அவள் என்னைப் பார்த்ததும், "என்ன தைமி, உங்க வீட்டுக்காரரு எங்க வாசல்ல வந்து நின்னாரே, சொல்லலையா?" என்றாள். நொண்டிக்கொண்டே மூன்று மாடி ஏறி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுடைய வியாழக்கிழமை மாலை சவுனா முறையைக் கேட்டிருக்கிறார். "சும்மா குடுப்பேனா? உங்க சனிக்கிழமையக் குடுங்கன்னேன். ஒரு வாரத்துக்கா, எப்பவுக்குமான்னுகூடக் கேக்கல, சரின்னுட்டாரு. மக வருதாமே?" என்றாள். நம் கட்டடத்தில் சனிக்கிழமை முறை வேண்டுமென்றால் யாராவது சாகவேண்டும், உனக்குத் தெரியாததா. உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவேயில்லை, ரொட்டிப் பெட்டிக்கு அடியில்தான் வைத்திருந்தேன். மேலே வந்து ஏன் சனிக்கிழமையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "வியாழக்கிழமைதான் தண்ணி நல்லா வருது" என்றார். கேட்டாயா கதையை! ஆனால் பால்கனியில், சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ள ஆளுக்கொன்றாகக் கட்டும் பிர்ச் தழைக்கட்டு, புதுசாக மூன்று தொங்குகிறது, இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆகையால் பகலில் எங்கே வேண்டுமானாலும் சுற்று கண்ணு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடு. முதலில் நீயும் நானும் சவுனாவுக்குள் போவோம், அவர் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். மன்னிப்பெல்லாம் அவர் யாரிடமும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கமாட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து "சூடு போதுமா?" என்று கேட்பார், அவருக்கு வருவது அவ்வளவுதான். நீ "போதும்ப்பா" என்று சத்தமாகச் சொல், இப்போது அவருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். ஓட்டல் அறையை வியாழன் இரவுக்கு மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடு, மறக்காதே.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா தைமி